பதினான்காவது கேள்வி

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணா,

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று முழிக்காதே. இந்த வீட்டில் போன் வந்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்வாள். அவள் "எப்போ வரே" என்பாள், நீ "லீவு கிடைக்கலம்மா" என்பாய், அதோடு கட்டாகிவிடும். ஒன்பது வருஷமாக இதே பேச்சு. எனக்கு உன்னிடம் நாலு வார்த்தை முழுசாகச் சொல்ல வேண்டும். அதனால் உன் சலவைக் கடை முகவரிக்கே எழுதுகிறேன். மேனேஜர் ஐயா தயவுசெய்து நேரம் ஒதுக்கிப் படிக்கவும்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. நீ இருக்கும் அதே ஊரில், பல் மருத்துவக் கல்லூரியில், இரண்டு வருஷப் படிப்பு. உதவித்தொகையும் அவர்களே தருகிறார்கள். லேபில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவளுக்கு இன்னும் என்ன படிப்பு என்று எல்லோரும் கேட்டாயிற்று, நீயும் கேட்காதே. போன வருஷம் ஒரு வேன் டிரைவர் வந்தார். புற்றுநோய்க்கு மேல் அண்ணத்தை எடுத்துவிட்டார்கள். வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் தடுப்பே இல்லை. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும், பேசினால் ஒருவருக்கும் புரியாது. எங்கள் லேப் டாக்டரம்மாவும் நானும் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு தகடு செய்தோம். இரண்டு தடவை சொதப்பல். மூன்றாவது தகட்டை மாட்டிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். அந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறேன். இங்கே சொல்லித்தர ஆள் இல்லை.

இனி விசா. மாணவர் விசா விண்ணப்பம் இருபத்திரண்டு பக்கம், ஜூன் முப்பதுக்குள் கொடுத்தாக வேண்டும். பதினான்காவது கேள்வி என்ன தெரியுமா? எங்கள் நாட்டில் உங்கள் நெருங்கிய உறவினர் யாராவது இருக்கிறார்களா, இருந்தால் பெயர், முகவரி, எந்த அனுமதியில் இருக்கிறார். 'ஆம், என் அண்ணன்' என்று கொட்டை எழுத்தில் எழுதப் போகிறேன். உன் குடியிருப்பு அட்டையின் நகல் ஒன்று அனுப்பு.

உன் தங்கை,
எலிப்பல்லு
(பல் நேராகிப் பத்து வருஷம் ஆயிற்று. நீ இந்தப் பெயரை விடப் போவதில்லை, நானே போட்டுக்கொள்கிறேன்.)


மார்ச் 4

எலிப்பல்லு,

உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒருத்தருக்கும் நம் மொழி தெரியாது. ஆனாலும் முடிந்ததும் கைதட்டினார்கள். எங்கள் வீட்டில் முதல் ஆள் காலேஜுக்கு வெளிநாடு வருகிறது என்று சைகையில் சொன்னேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் மாணவர் விசா என்று ஏன் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாய்? அதற்கு மாசக்கணக்கில் இழுப்பார்கள். நேர்காணல், மருத்துவச் சோதனை, அந்தத் தாள், இந்தத் தாள். விசிட்டர் விசாவில் வா. பத்து நாளில் கைக்கு வந்துவிடும். இங்கே இறங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார்.

மாணவர் விசாதான் என்று நீ ஒற்றைக்காலில் நின்றால், அந்தப் பதினான்காவது கேள்விக்கு 'யாரும் இல்லை' என்று எழுதிவிடு. அண்ணன் இருக்கிறான் என்றால் இவள் படிக்க வரவில்லை, அண்ணன் வீட்டில் தங்கிவிட வருகிறாள் என்று சந்தேகப்படுவார்கள். அனுபவஸ்தன் சொல்கிறேன், கேட்டுக்கொள். அட்டை நகலெல்லாம் வீண் வேலை.

என் அறை ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். நீ வந்தால் அந்த அறை உனக்குத்தான். நான் ஹாலில் படுத்துக்கொள்வேன்.

அம்மாவை இருமலுக்கு மருந்து சாப்பிடச் சொல்.

உன் அண்ணன்


மார்ச் 23

அன்புள்ள அண்ணா,

உன் யோசனையை நீ மட்டும் சொல்லவில்லை. இங்கே ஒரு விசா ஏஜென்ட் இருக்கிறார். மேஜைமேல் ஒரு பூகோள உருண்டை, ஒரு தட்டு நிறைய சாக்லேட். போய் உட்கார்ந்ததுமே, "டூரிஸ்டாப் போயிட்டு அங்க மாத்திக்கலாம் மேடம், எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றார். போனவர்கள் எல்லோரும் மாற்றிக்கொண்டார்களா என்று கேட்டேன். அதற்குப் பதிலாக ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினார்.

கல்லூரிக்கே எழுதிக் கேட்டேன். மாணவர் விசா இல்லாதவரை வகுப்பில் உட்கார விடமாட்டோம், வந்த பிறகு மாற்றவும் முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அப்புறம் உனக்குத் தெரிந்தவர் என்ன மந்திரம் போட்டு மாற்றுவாராம்? நான் அச்சு எடுக்கிறவள் அண்ணா. அச்சு ஒரு நூல் பிசகினால் பல் வாயில் உட்காராது, வாயெல்லாம் புண்ணாகிவிடும். அப்புறம் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பவர்களிடம் நான் வேலை கற்கவில்லை.

இன்னொன்று. 'யாரும் இல்லை' என்று எழுதச் சொல்ல உனக்கு எப்படிக் கை வந்தது? குத்துக்கல்லாட்டம் அண்ணன் ஒருத்தன் இருக்கும்போது. கடைசிப் பக்கத்தில், மேலே உள்ளதெல்லாம் உண்மை, பொய்யென்றால் பத்து வருஷத்துக்கு உள்ளே விட வேண்டாம் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். எனக்கு அந்தப் பத்து வருஷம்கூடப் பெரிசில்லை. அப்பாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவரிடமும் "அண்ணனுக்கு லீவு கிடைக்கல" என்று சொன்னது நான்தான். சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுவிட்டது. நீ இல்லை என்பதை இன்னொரு தடவை சொல்லமாட்டேன், அதுவும் எழுத்தில்.

அட்டையை அனுப்பு. சாக்குச் சொல்லாதே.

எலிப்பல்லு


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

உனக்கு வாய் ரொம்ப நீளமாகிவிட்டது. அட்டை கம்பெனியிடம் இருக்கிறது. இங்கே அதுதான் வழக்கம், கேட்டாலும் தரமாட்டார்கள். இந்த ஊரில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு நீ சட்டம் சொல்லித் தருகிறாயா? 'இல்லை' என்று எழுது. முடியாவிட்டால் வரவே வேண்டாம், அங்கேயே பல் செட் செய்துகொண்டு இரு.

இருமல் குறைந்ததா என்று நீ எழுதவே இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 26

அண்ணா,

இருமல் குறைந்துவிட்டது. இனி, கோபப்படாமல் படி. நான் கோபப்பட்டு முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பிறப்புச் சான்றிதழைத் தேடி அம்மாவின் பீரோவைக் கவிழ்த்துப்போட்டேன். அப்பா பத்திரங்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் உன் பாஸ்போர்ட் நகல் இருந்தது. நீ கிளம்பும்போது எடுத்து வைத்திருக்கிறார். விசாப் பக்கமும் இருந்தது. சுற்றுலா. முப்பது நாள். வேலை செய்ய அனுமதியில்லை. முப்பதுக்குப் பக்கத்தில் மடிப்பில் ஏதாவது சைபர் மறைந்திருக்குமோ என்று தாளை நீவிப் பார்த்தேன்.

உன்னிடம் அட்டை கிடையாது. கம்பெனியிடமும் கிடையாது. அப்படி ஒரு அட்டையே கிடையாது. அப்படித்தானே?

அப்பாவுக்கு வரவில்லை என்று ஒரு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ போன் செய்யும்போதெல்லாம் குளிக்கிறேன் என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். நீ வந்திருந்தால் திரும்பிப் போயிருக்க முடியாது. அதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் என்ன ஊர் முழுக்கத் தண்டோராவா போட்டிருப்பேன்? அந்த ஒரு வருஷத்தை இப்போது நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

சரி, அழுதாயிற்று. நிலைமையைச் சொல்கிறேன். 'ஆம்' என்று எழுதினால் கீழே உன் பெயர், முகவரி, அனுமதி எண் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். நானே கையைப் பிடித்து உன்னை ஒப்படைத்த மாதிரி ஆகும். 'இல்லை' என்றால் பொய்க் கையெழுத்து. இரண்டையும் செய்யமாட்டேன். இருபத்திரண்டு பக்கமும் நிரப்பியாயிற்று, பதினான்கு மட்டும் காலி.

ஒரு வக்கீலைப் பார். உனக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேள். இத்தனை வருஷமாக நீ யாரையும் கேட்டிருக்கமாட்டாய். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிற ஆள் நீ.

எலிப்பல்லு


மே 15

எலிப்பல்லு,

மேனேஜர் இல்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தரைக்குக் கீழே ஒரு நீளமான அறை, ஜன்னல் கிடையாது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் துவைத்து ஈரமாக வரும். சூடான உருளை மெஷினில் ஒரு முனையைக் கொடுத்து, மறுபக்கம் வருவதை இழுத்து மடிப்பேன். மேலே ஒரு அறையில் நாலு பேர் படுக்கிறோம். கடல் பஸ்ஸில் இருபது நிமிஷம். நான் பார்த்ததில்லை. உங்களுக்கு அனுப்பிய கடலெல்லாம் கடையில் வாங்கிய தபால் அட்டை. பஸ் போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. யூனிஃபார்ம் போட்டவர் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிவிடுவேன். ஒரு தடவை தபால்காரரைப் பார்த்தே மாறியிருக்கிறேன்.

எனக்கும் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். முப்பத்தோராம் நாள், அப்படிச் சொன்னவர் போனை எடுக்கவில்லை. வெறும் கையோடு அப்பா முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது. இன்னும் ஒரு மாசம் பார்ப்போம் என்று இருந்தேன். அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை.

அப்பா போன செய்தி வந்தபோது ஒரு விரிப்பு மெஷினுக்குள் பாதி போயிருந்தது. நிறுத்தினால் கருகிவிடும். இழுத்து முடித்தேன். அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. ஷிப்டு முடிகிறவரை நான் நிறுத்தவே இல்லை. நின்றால் என்ன ஆவேன் என்று தெரியவில்லை.

தெரிந்திருந்தும் உனக்கு ஏன் அதே வழியைச் சொன்னேன் என்று கேட்பாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எப்படியாவது வந்தால் போதும், நம் ஆள் ஒருத்தி பக்கத்தில் இருப்பாள் என்று தோன்றியது. அவ்வளவு கெட்ட புத்தி எனக்கு. படித்துவிட்டு என்னைத் திட்டு.

இப்போது நான் சொல்வதைக் கேள். 'இல்லை' என்று எழுது. இங்கே என் பெயர் ஒரு தாளிலும் கிடையாது, யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அண்ணன் இல்லை என்று எழுதினால் அண்ணன் செத்தா போய்விடுவான்? நீ சரியான விசாவில் வா, தலைநிமிர்ந்து காலேஜுக்குப் போ. நான் தெருவின் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அது போதும்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டேன். முதல் வரியிலிருந்து கடைசிவரை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாதியில் குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முடித்ததும் கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "லீவு குடுக்காத மொதலாளியை ஒன்பது வருஷமா திட்டிக்கிட்டே இருந்தேனே, பாவம் அந்த ஆளு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுது முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "அவனை வரச் சொல்லு. எனக்கு மேனேஜரெல்லாம் வேணாம், புள்ளை போதும்" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

இனி என் பங்கு. தெருவின் அந்தப் பக்கம் நிற்பானாம். நான் காலேஜுக்குப் போகும்போது எதிரே ஒருத்தன் நிற்பான், கூட வருகிறவள் யார் அது என்று கேட்பாள், தெரியாது என்று நான் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம், தினம் தினம். அந்தப் பிழைப்புக்கு நான் இங்கேயே பிளாஸ்டர் தூசியைத் தின்றுகொண்டு கிடப்பேன். பயந்து நடக்க நம் வீட்டில் ஒருத்தன் போதும், ஜோடி சேர்க்க நான் வரவில்லை.

கல்லூரிக்கு எழுதி இடத்தை ஜனவரிக்குத் தள்ளி வைத்துவிட்டேன். ஒரே ஒரு தடவைதான் தள்ளுவார்களாம். ஜனவரிக்கும் போகாவிட்டால் இடமும் போச்சு, உதவித்தொகையும் போச்சு. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு கட்டத்துல ஒரு வார்த்தை எழுதுறதுக்கு இவ்ளோ வீம்பா?" என்றார். வீம்புதான். போனால் போகட்டும். அந்த வேன் டிரைவருக்குத் தகடு தேய்ந்துகொண்டு வருகிறது, அடுத்ததையும் நான்தான் தட்டுத்தடுமாறிச் செய்ய வேண்டும். அது தெரிந்துதான் சொல்கிறேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், உன்னைவிட ஒன்பது வயசு சின்னவள். ஆனால் 'இல்லை' என்று எழுதச் சொல்லி இன்னொரு கடிதம் போட்டாயானால், பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

எலிப்பல்லு


ஜூலை 20

எலிப்பல்லு,

பால்பல்லை நூல் கட்டிப் பிடுங்குகிறேன் என்று அப்பா சொன்னதற்கு மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தவள் நீ. உன்னிடம் மல்லுக்கு நின்று ஜெயித்தவர் யார்?

செவ்வாய்க்கிழமைகளில் இங்கே நூலகத்து மாடியில் ஒரு வக்கீலம்மா காசு வாங்காமல் யோசனை சொல்கிறார். மூன்று செவ்வாய் படிக்கட்டுவரை போய்த் திரும்பினேன். நாலாவது செவ்வாய் உள்ளே போனேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார். இங்கேயே சரிசெய்ய வழியில்லை, பிடிபட்டால் உள்ளே வைத்து அப்புறம்தான் அனுப்புவார்கள், நானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் ஐந்து வருஷம் திரும்பி வரக் கூடாது, அவ்வளவுதான் என்றார். ஐந்து வருஷம் அதிகம் இல்லையா என்று கேட்டேன். "ஒன்பது வருஷம் வீட்டுக்குப் போகாம இருந்துட்டீங்களே" என்றார்.

குடியேற்ற அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த ஊரில் என் முழுப் பெயரை ஒரு தாளில் நானே எழுதியது இதுதான் முதல் தடவை. கோணலாக வரும் என்று நினைத்தேன். நன்றாகவே வந்தது. புறப்பாடு ஆகஸ்ட் 18.

எல்லாம் உனக்காக என்று நினைத்து மூக்கைச் சிந்தாதே. தெருவின் அந்தப் பக்கம் நிற்கிறேன் என்று உனக்கு எழுதினேன் இல்லையா, தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இது என்ன பிழைப்பு என்று எனக்கே கேவலமாக இருந்தது. துரத்திவிட்டார்களா என்று அங்கே யாராவது கேட்டால், நானே வந்தேன் என்று சொல்வேன். அம்மாவும் அப்படியே சொல்லட்டும்.

போன ஞாயிறு பஸ் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். தபால் அட்டையில் இருப்பதைவிட அழுக்கு. ஆனாலும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

விண்ணப்பத்தை நான் வந்த பிறகு எடு. பதினான்காவது கேள்வியை என் எதிரே உட்கார்ந்து எழுது. 'இல்லை' என்று எழுது. அன்றைக்கு அது பொய் இல்லை.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணா,

வந்து மூன்று வாரம் ஆகிறது. விடுதியில் தனி அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கடலாவது மண்ணாவது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்றால், நடுவில் அம்மா, ஸ்பீக்கர். உனக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது.

நேர்காணலில் நடந்ததை நான் உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. அதிகாரி பதினான்காவது கேள்வியில் விரலை வைத்து, யாரும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டு வா என்று நீ படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாய். நான் மூடவில்லை. "ஆகஸ்ட் வரைக்கும் எங்க அண்ணன் இருந்தார். ஒன்பது வருஷம், அனுமதி இல்லாம. அவரே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டார்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். இப்போது இருக்கிறார்களா என்றுதானே கேள்வி, இதை ஏன் சொல்கிறீர்கள் என்றார். "நாளைக்கு நீங்களே கண்டுபிடிச்சா நான் மறைச்ச மாதிரி ஆகும். மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அவரால எனக்கு வெட்கமும் இல்ல" என்றேன். அதனால்தான் ஆறு வாரம் இழுத்தார்கள். உன்னால் என் விசா போச்சு என்று நீ ஆறு வாரமும் சோறு இறங்காமல் திரிந்தாய். உன்னால் இல்லை, என் வாயால். சொன்னால் நீ என்னைக் கொன்றே போட்டிருப்பாய் என்று சும்மா இருந்துவிட்டேன். ஆறு வாரம் கழித்து அதே அதிகாரிதான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நேற்று உன் சலவைக் கடைக்குப் போனேன். முகவரி மனப்பாடம், வழியும் பார்த்து வைத்திருந்தேன். ஆனாலும் தெருமுனையில் ஒரு போலீஸ்காரர் நின்றதைப் பார்த்ததும் நேராக அவரிடம் போய் வழி கேட்டேன். அவர் கேட்காமலே என் அட்டையையும் எடுத்து நீட்டினேன். எதற்கு என்று விழித்தார். புதுசு, சும்மா பாருங்கள் என்றேன். சிரித்துவிட்டார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, படம் நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்து, இடது பக்கம் கையைக் காட்டினார். அவ்வளவுதான் அண்ணா. நீ ஒன்பது வருஷம் பயந்தது இதற்குத்தான்.

உன் மெஷினைக் காட்டினார்கள். அதற்கு மேலே சுவரில் என் முதல் கடிதம் ஒட்டியிருக்கிறது. நீ அதை ஒட்டி வைத்ததைச் சொல்லவே இல்லை. ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது, ஆனாலும் கிழிக்காமல் வைத்திருக்கிறார்கள். நான்தான் எழுதியது என்று சைகையில் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். ஒரு விரிப்பு கருகிப்போயிற்று.

நம் ஊர் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேனேஜர் ஆகிவிட்டாயாமே. அம்மா சொன்னாள். இந்தத் தடவை நிஜமா என்று அம்மாவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். லீவு எப்போது முடிகிறது, பையன் எப்போது திரும்பிப் போகிறான் என்று கேட்பவர்களிடம், "அவன் வேலையை விட்டுட்டு அவனா வந்தான்" என்கிறாளாம். போனில் சொல்லும்போது அவள் குரலில் என்ன மிதப்பு!

உன் தடை முடிய இன்னும் நாலரை வருஷம் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பேன். தராவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன், ஒரு நாள் கூடுதலாக இருக்கமாட்டேன். தந்தால், உன் தடை முடிகிற அன்றைக்கே நீ போய் விண்ணப்பம் வாங்கு. விசிட்டர் விசாதான், முப்பது நாள்தான், முப்பதாம் நாள் திரும்பிப் போகிற விசிட்டராக வா. எல்லாத் தெருவிலும் இந்தப் பக்கமாகவே நடப்போம். அழைப்புக் கடிதம் நான் எழுதுகிறேன்.

பதினான்காவது கேள்வி வரும். 'ஆம்' என்று எழுது. உறவு என்ற இடத்தில் தங்கை என்று போடு. என் பெயரை முழுசாக எழுது, எலிப்பல்லு என்று எழுதி வைக்காதே. முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது.

உன் தங்கை